கிச்சன் சுவருக்கு டைல்ஸ்... மேட்டா, கிளாஸியா, மஞ்சள் கறை தாங்குமா?

ஹால் சுவருக்கு பெயின்ட் பிடிக்கலைன்னா அடுத்த தீபாவளிக்கு மாத்திடலாம். கிச்சன் சுவரில் ஒட்டின டைல்ஸை அப்படி மாத்த முடியாது. ஒருமுறை ஒட்டினால் பத்து, பதினைந்து வருஷம் அதோடுதான் குடித்தனம். ஆனா, நம்மில் பலர் அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? இன்ஸ்டாவில் ஒரு ரீல் பார்ப்போம், ஸ்கிரீன்ஷாட் எடுப்போம், கடையில் போனை நீட்டி 'இதே மாதிரி இருக்கா?'ன்னு கேட்போம். அந்த ரீலில் வரும் கிச்சனில் யாரும் கடுகு தாளிச்சிருக்க மாட்டாங்க!

அடுப்புக்குப் பின்னாலும் சிங்க்குக்கு மேலேயும் வரும் இந்த டைல்ஸுக்கு நம்ம ஊர் மேஸ்திரிகள் வைத்திருக்கும் பேர், 'டாடோ'. சமையல் மேடைக்கும் மேல் கேபினட்டுக்கும் நடுவில் பொதுவா இரண்டு அடி உயரம். அந்த இரண்டு அடிதான் எண்ணெய்த் தெறிப்பு, ரசத்தின் ஆவி, மஞ்சள் கை, கிரைண்டரிலிருந்து சிதறும் மாவு எல்லாத்தையும் வாங்கிக்கும். அதனால, அழகுக்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துடுவோம்.

செராமிக்கா, விட்ரிஃபைடா?

கடைக்குள் நுழைந்ததும் காதில் விழும் இரண்டு வார்த்தைகள் இவை. இந்தியாவில் விற்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருது. கடை பெரியமேட்டில் இருந்தாலும் தி.நகரில் இருந்தாலும், பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அந்த ஊர் பேர்தான் இருக்கும்.

செராமிக் சுவர் டைலின் உடம்பு கொஞ்சம் நுண்துளைகளோட இருக்கும். தன் எடையில் 10 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சும். பயப்பட வேண்டாம். மேலே இருக்கும் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சுக்குள் தண்ணீரோ எண்ணெயோ இறங்காது. எடை குறைவு, வெட்டுறது சுலபம், விலையும் கம்மி. விட்ரிஃபைடு உறிஞ்சுவது 0.5 சதவிகிதத்துக்குள்தான். அது பலமானது. ஆனா, அந்தப் பலம் நாம் நடக்கும் தரைக்குத்தான் அதிகம் தேவை. சுவரில் யாரும் நடக்கப்போறதில்லையே! நல்ல கிளேஸ் உள்ள செராமிக்கே கிச்சன் சுவருக்குத் தாராளமா போதும்.

'இல்லை, எனக்கு விட்ரிஃபைடு டிசைன்தான் பிடிச்சிருக்கு' என்கிறீர்களா? வாங்கலாம். ஆனா, அதை வெறும் சிமென்ட் கலவையில் ஒட்ட விடாதீங்க. தண்ணீரை உறிஞ்சாத டைல், சிமென்ட்டைச் சரியா பிடிச்சுக்காது. கொஞ்ச நாளில் உள்ளே காத்து புகுந்து, ஒருநாள் பெயர்ந்து விழும். கீழே கொதிக்கிற சாம்பார் இருந்தால் என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. விட்ரிஃபைடுக்கு டைல் அட்ஹெசிவ் கட்டாயம். சிமென்ட்டில் செராமிக் ஒட்டுறதா இருந்தா, டைலை முதலில் தண்ணீரில் ஊற வைக்கணும். இல்லைன்னா கலவையில் இருக்கும் ஈரத்தை டைலே குடிச்சிடும்.

மேட், கிளாஸி... எது வசதி?

இப்போ எல்லோரும் தேடுறது மேட் ஃபினிஷ். பார்க்க அமைதியா இருக்கும், டியூப்லைட் வெளிச்சம் அடிச்சுக் கண்ணைக் கூசாது. ஆனா, சொரசொரப்பான மேட் டைலில் எண்ணெய்ப் பிசுக்கு உட்கார்ந்தா துடைக்கக் கை வலிக்கும். அடுப்புக்குப் பின்னால் கிளாஸி அல்லது வழவழப்பான சாட்டின் ஃபினிஷ்தான் நிம்மதி. ஈரத்துணியால் ஒரு இழுப்பு, முடிஞ்சுது வேலை.

இன்னொரு விஷயம், போர் தண்ணீர். சென்னையின் பல ஏரியாக்களில் அது உப்பு அதிகமுள்ள தண்ணீர். சிங்க்குக்குப் பின்னால் கறுப்பு, அடர் நீலம் மாதிரி டார்க் கிளாஸி டைல் போட்டால், காய்ந்த ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியா தெரியும். வெளிர் சாம்பல், கிரீம், லேசான டிசைன் உள்ள டைல் இதையெல்லாம் மறைச்சுடும்.

காபி கப், பழக்கூடை படம் போட்ட 'ஹைலைட்டர்' டைல்ஸ் ஞாபகம் இருக்கா? லைட், டார்க், நடுவில் ஹைலைட்டர்னு செட்டா விற்பாங்க. அது உங்க அம்மாவுக்குப் பிடிச்சிருந்தா சண்டை போடாதீங்க. ஆனா, அதில் ஒண்ணு உடைஞ்சா அதே படம் மறுபடியும் கிடைக்கிறது கஷ்டம்.

ஆத்தங்குடி டைல்ஸ் போடலாமா?

மயிலாப்பூரின் பழைய வீட்டை மாத்திக் கட்டும்போது பலருக்கும் வரும் ஆசை இது. செட்டிநாட்டின் ஆத்தங்குடியில் சிமென்ட், மணல், வண்ணம் சேர்த்து, கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்க்கிற டைல் இது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊற வைத்துத்தான் பதப்படுத்துறாங்க. மேலே கிளேஸ் பூச்சு கிடையாது. அதனால் மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கும். புளி, எலுமிச்சை மாதிரி புளிப்பும் ஆகாது. மார்பிளுக்கும் இதே பிரச்னைதான். ஆசை விடலைன்னா ஒரு வழி இருக்கு. தரைக்கோ, சாப்பாட்டு மேஜைப் பக்கச் சுவருக்கோ ஆத்தங்குடியைப் போடுங்க. அடுப்பங்கரைச் சுவருக்கு அதே டிசைன் அச்சான செராமிக் போதும்.

அழுக்கு சேரும் இடம், இடுக்கு!

டைலில் கறை பிடிக்காது. இரண்டு டைலுக்கு நடுவில் இருக்கும் க்ரவுட்டில்தான் பிடிக்கும். மொசைக், சின்ன சப்வே டைல்ஸ் எல்லாம் போட்டோவில் சூப்பரா இருக்கும். ஆனா டைல் சின்னதாக ஆக, கோடுகள் கூடும். தேய்க்கும் வேலையும் கூடும்.

வெள்ளை சிமென்ட் க்ரவுட் மலிவு, ஆனா மஞ்சளை இழுத்துக்கும். எபாக்ஸி க்ரவுட் விலை பல மடங்கு அதிகம், ஆனா கறை பிடிக்காது. பட்ஜெட் இடிச்சா, அடுப்புக்கும் சிங்க்குக்கும் பின்னால் மட்டும் எபாக்ஸி, மற்ற இடத்துக்கு சாம்பல் நிற சிமென்ட் க்ரவுட்னு பிரிச்சுக்கலாம். எபாக்ஸி இறுகுவதற்கு முன்னாலேயே டைல் மேல் படிஞ்சதைத் துடைச்சிடணும். பழக்கமுள்ள ஆளையே வேலைக்கு விடுங்க.

கறை போகலைன்னு பாத்ரூம் ஆசிட்டை எடுக்காதீங்க. அது சிமென்ட் க்ரவுட்டை அரிச்சிடும். ஆசிட்டையும் பிளீச்சையும் ஒண்ணா சேர்த்தால் குளோரின் வாயு வரும். மூடிய கிச்சனில் அது உயிருக்கே ஆபத்து. பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் வெந்நீரும் போதும்.

கணக்கு போட்டுட்டு கிளம்புங்க

'எல்' வடிவ மேடை, ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 6 அடின்னு வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 அடி நீளம், 2 அடி உயரம். அதாவது 32 சதுர அடி.

* 12-க்கு 18 இன்ச் டைலைப் படுக்கை வசத்தில் ஒட்டினால் இரண்டு வரிசை. வரிசைக்கு 11 டைல், மொத்தம் 22. நடுவில் ஒரு நீளக் கோடு வரும்.
* 12-க்கு 24 இன்ச் டைலை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் ஒரே டைல் முழு உயரத்தையும் மூடும். 17 டைல் போதும். குறுக்குக் கோடே இருக்காது, துடைக்கும் வேலையும் பாதி.

பெயர்தான் 24 இன்ச், உண்மையான அளவு 60 சென்டிமீட்டர். இரண்டு அடியைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. மேல் கேபினட்டை மாட்டுவதற்கு முன்னாலேயே இதை அளந்துடுங்க. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவிகிதம் கூடுதலா வாங்கணும். பெட்டிக்கு எத்தனை டைல்னு பெட்டி மேலேயே போட்டிருக்கும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பரும் ஷேடும் ஒண்ணா இருக்கான்னு கடையிலேயே பாருங்க. பேட்ச் மாறினால், ஒட்டின பிறகுதான் நிற வித்தியாசம் தெரியும்.

முடிஞ்சா ஒரு சாம்பிள் டைல் கேட்டு வாங்கி வாங்க. எண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைச்சு, அதில் தடவி, ஒரு ராத்திரி விட்டுக் காலையில் துடைச்சுப் பாருங்க. இதைவிட நல்ல டெஸ்ட் வேற இல்லை.

பழைய ஃப்ளாட்டா, வாடகை வீடா?

அடையாறு, மந்தைவெளி பக்கம் பழைய ஃப்ளாட் என்றால், பழைய டைலை உடைக்காம அதுமேலேயே புதுசு ஒட்ட முடியும். முதலில் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்க. 'டொக் டொக்'னு வெத்துச் சத்தம் வந்தால் அது பெயர்ந்து நிற்குது, எடுத்தே ஆகணும். கெட்டியா இருந்தால் அட்ஹெசிவ் போட்டு மேலேயே ஒட்டலாம். சுவர் கனம் கூடும் என்பதால், சுவிட்ச் போர்டுகளை வெளியே இழுத்து வைக்கணும். இதை எலெக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க.

உடைக்கிறதா முடிவு பண்ணினால், அந்த இடிபாட்டைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொட்டக் கூடாது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவுகளைப் பிரிக்க மாநகராட்சியின் மையங்கள் இருக்கு. 1913-க்கு போன் செய்து விசாரிக்கலாம். டைல் வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்க. அந்தத் தூசியில் இருக்கும் சிலிகா, வெட்டுகிறவரின் நுரையீரலைப் பாதிக்கும். ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் நமக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.

வாடகை வீட்டில் ஸ்டிக்கர் டைல்ஸ் ஒட்டலாம். ஆனா, பிளாஸ்டிக் ஸ்டிக்கரை அடுப்புக்கு நேர் பின்னால் ஒட்டாதீங்க. சூட்டில் சுருங்கும், தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு. அங்கே ஒரு ஸ்டீல் தகடோ, கனமான டஃபன்டு கண்ணாடியோ சாய்த்து வைக்கலாம். காலி செய்யும்போது எடுத்துட்டும் போகலாம்.

வேலை முடிஞ்சதும் மிச்சமுள்ள டைல்ஸில் நாலைந்தை லாஃப்ட்டில் போட்டு வைங்க. பெட்டியின் லேபிளை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. நாளைக்கு பிளம்பர் பைப்புக்காக ஒரு டைலை உடைச்சாலும் கடை கடையா ஏறி இறங்க வேண்டியிருக்காது.