சமபங்கு என்ற தண்டனை: 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் உயிலும் மதமும்

ஒருத்தர் இறந்துபோகிறார். நிலம் இருக்கிறது, நான்கு மகன்கள் இருக்கிறார்கள். நிலத்தை நான்கு பேருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்கும்போது நியாயமாகத்தானே இருக்கு?

1704இல் டப்ளினில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்றம் இப்படி ஒரு சட்டம் போட்டது. ஆனால் அது கத்தோலிக்கர்களின் நிலத்துக்கு மட்டும். புரோட்டஸ்டன்ட் குடும்பங்களில் வழக்கம் போல மூத்த மகனுக்கே நிலம் போனது. நாட்டை ஆண்டவர்கள் புரோட்டஸ்டன்ட்டுகள். தங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய சமபங்கை அடுத்தவன் தலையில் கட்டினார்கள் என்றால், அதில் கருணை இல்லை, கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒருவரிடம் 1,200 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு மகன்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 300 ஏக்கர். அந்த நான்கு பேருக்கும் நான்கு நான்கு மகன்கள் என்றால், பேரன்கள் காலத்தில் ஆளுக்கு 75 ஏக்கர். தாத்தா ஊருக்கே பெரிய மனிதர், பேரன் சாதாரண விவசாயி. இரண்டே தலைமுறைதான். பக்கத்து ஊர் புரோட்டஸ்டன்ட் குடும்பத்தில் அதே 1,200 ஏக்கர் அப்படியே முழுசாக இருக்கும். அந்தக் காலத்தில் நிலம்தான் செல்வாக்கு, நிலம்தான் அதிகாரம். நிலம் சிதறினால் குடும்பமே சிதறிவிடும்.

இந்தச் சட்டத்துக்கு முன்பே கத்தோலிக்கர்கள் நிறைய இழந்திருந்தார்கள். 1641இல் அயர்லாந்தின் நிலத்தில் சுமார் 59 சதவீதம் கத்தோலிக்கர்கள் கையில் இருந்தது. கிராம்வெல் காலப் பறிமுதல்களுக்குப் பிறகு, 1688 வாக்கில், அது 22 சதவீதம். வில்லியமின் போர் முடிந்து 1703 வரும்போது 14 சதவீதம். வாள் பிடுங்கியதுபோக மிச்சம் இருந்ததைத்தான் இந்தப் பாகப்பிரிவினைச் சட்டம் குறிவைத்தது.

மூத்த மகனுக்கு ஒரு தூண்டில்

சட்டத்தின் உண்மையான விஷம் சமபங்கில் இல்லை, அதன் விதிவிலக்கில் இருந்தது. அப்பா இறக்கும்போது மூத்த மகன் புரோட்டஸ்டன்ட்டாக இருந்தால், நிலம் பிரிக்கப்படாது, முழுவதும் அவனுக்கே. கத்தோலிக்கனாக இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள் மதம் மாறிவிட்டால் போதும். தம்பிகளுக்கு நிலத்தில் பங்கு கிடையாது.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மூத்தவன் மாறிவிட்டால் இன்னும் மோசம். அந்த நிமிஷத்திலிருந்து அப்பா தன் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. உயிரோடு இருக்கும்வரை வருமானத்தை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. மகனோடு சண்டை போட்டுவிட்டு ராத்திரி படுக்கப் போகிற ஒரு தகப்பனின் நிலைமையை நினைச்சுப் பாருங்க.

ஆக, கத்தோலிக்கர் ஒருவர் உயில் எழுத உட்கார்ந்தால், நிலத்தைப் பற்றி அவர் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. அதை யாருக்கு எப்படிப் பிரிப்பது என்பதைச் சட்டம் ஏற்கெனவே எழுதிவிட்டது. பணம், மாடு, குதிரை, வீட்டுச் சாமான், குத்தகையில் மிச்சமிருக்கும் வருஷங்கள், இவற்றைத்தான் அவர் தன் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கலாம். குத்தகையும் 31 வருஷத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்த உயிலையும் அரசுத் திருச்சபையின், அதாவது புரோட்டஸ்டன்ட் ஆயர்களின், நீதிமன்றத்தில்தான் கொண்டுபோய் மெய்ப்பிக்க வேண்டும்.

மறுபக்கம் எப்படி இருந்தது

ஒப்பிட்டுப் பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த ஒருவர்: கலிவரின் பயணங்களை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட். டப்ளினில் புரோட்டஸ்டன்ட் தேவாலயத்தின் தலைமைக் குரு. மனைவி, மக்கள் இல்லை. 1740இல் எழுதிய உயிலில் சொத்தின் பெரும்பகுதியை மனநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை கட்ட ஒதுக்கினார். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தனித்தனியாகப் பொருள்கள். தன் தொப்பிகளைக்கூட தரவாரியாக வரிசைப்படுத்தி, மிகச் சிறந்தது ஒரு நண்பருக்கு, அடுத்தது இன்னொருவருக்கு, மூன்றாவது வேறொருவருக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். உயிலில் கிண்டல் செய்யும் சுதந்திரம் இருந்தது அவருக்கு. அதே ஊரில் வாழ்ந்த கத்தோலிக்க நிலக்காரருக்குத் தன் வயலைப் பற்றி ஒரு வரி எழுத உரிமை இல்லை.

குடும்பஸ்தர்களான புரோட்டஸ்டன்ட் நிலக்கிழார்களின் ஏற்பாடு வேறு மாதிரி. நிலம் மூத்த மகனுக்கு. அது பெரும்பாலும் கல்யாண ஒப்பந்தத்திலேயே முடிவாகியிருக்கும். இளைய மகன்களுக்கு ரொக்கம். மகள்களுக்கு வரதட்சணைத் தொகை. விதவைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. இவை எல்லாம் நிலத்தின் மேல் ஏற்றப்பட்ட கடன்கள். மூத்தவன்தான் கட்ட வேண்டும். வேண்டாத பிள்ளைக்கு ஒரே ஒரு ஷில்லிங் எழுதி வைக்கும் பழக்கமும் இருந்தது. மறந்துபோய் விட்டுவிடவில்லை, தெரிந்தேதான் விலக்கினேன் என்று காட்டுவதற்காக!

இந்த உயில்களில் பெரும்பாலானவற்றின் மூலம் இன்று இல்லை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு உயில்கள் ஒரே நாளில் சாம்பல். வில்லியம் பெத்தம் என்ற வம்சாவளி அதிகாரி 1800 வரையிலான முக்கியமான உயில்களிலிருந்து உறவுமுறைக் குறிப்புகளை எடுத்து வைத்திருந்தார். 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவகமும் தப்பித்தது. அங்கே பதிவான உயில் சுருக்கங்களை வைத்துத்தான் இன்றைக்குப் பல குடும்பங்களின் கதை தெரிகிறது.

தப்பிக்கும் வழிகள்

சட்டம் இருந்தால் சந்தும் இருக்கும். சில குடும்பங்களில் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே ஒரு மகன் மட்டும் பெயருக்கு மதம் மாறுவான். நிலம் முழுசாக நிற்கும், சகோதரர்களுக்கு உள்ளுக்குள் ஏற்பாடு நடக்கும். வேறு சிலர் நம்பிக்கையான புரோட்டஸ்டன்ட் நண்பர் பெயரில் நிலத்தை வைத்தார்கள். அரசு ஏட்டில் பதிவான மதம் மாறியவர்களின் பெயர்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். அதில் எத்தனை பேர் மனசு மாறி மாறினார்கள், எத்தனை பேர் நிலத்துக்காக மாறினார்கள் என்பதை ஏடு சொல்லாது.

1709இல் இன்னொரு சட்டம் வந்தது. கத்தோலிக்கர் ஒருவர் சட்டத்தை மீறி நிலம் வைத்திருப்பதை எந்தப் புரோட்டஸ்டன்ட் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் காட்டிக் கொடுக்கலாம், வென்றால் அந்த நிலம் அவருக்கே. குடும்பங்கள் இதையும் கேடயமாக்கிக்கொண்டன. எதிரி வழக்குப் போடுவதற்கு முன்னால், நட்பான ஒருவரையே வழக்குப் போட வைத்து, நிலத்தை அவர் பெயரில் பாதுகாத்தார்கள்.

ஆனால் காட்டிக் கொடுக்கிறவன் வெளியாளாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லையே.

ராஸ்காமன் மாவட்டத்தில் பெலனகேர் என்ற ஊர். அங்கே சார்ல்ஸ் ஓ'கானர் என்ற அறிஞர். பழைய அரச வம்சம். ஐரிஷ் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர், அயர்லாந்தின் பழைய வரலாற்றைப் பற்றி 1753இல் நூல் வெளியிட்டவர், கத்தோலிக்கர் உரிமைக்காக வாழ்நாள் முழுக்க எழுதியவர். 1777இல், அவருக்கு அறுபத்தேழு வயது ஆகும்போது, மதம் மாறியிருந்த அவருடைய தம்பி ஹியூ, பெலனகேர் நிலம் தனக்கே சேர வேண்டும் என்று வழக்குப் போட்டார். வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் தம்பிக்குப் பணம் கொடுத்துத்தான் முடிந்தது. எந்தச் சட்டங்களை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தாரோ, அவற்றையே கையில் எடுத்துக்கொண்டு வந்தது அவருடைய சொந்த ரத்தம்.

ஆயரின் உயில்

1778இல் சட்டம் தளர்ந்தது. சமபங்குப் பிரிவினை ஒழிந்தது, 999 வருஷக் குத்தகை எடுக்கலாம் என்றானது. 1782இல் நிலம் வாங்கவும் அனுமதி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது மாதிரி தோன்றும். ஆனால் ஒரு கண்ணி அறுபடாமல் இருந்தது. புரோட்டஸ்டன்ட்டாக மாறிவிட்டு மறுபடி கத்தோலிக்கத்துக்குத் திரும்பியவருக்கு இந்தச் சலுகைகள் கிடையாது. அப்படித் திரும்பியவர் நிலத்தை உயிலில் எழுத முடியாது.

அந்தக் கண்ணியில் மாட்டியவர் ஜான் பட்லர். 1763 முதல் கார்க் நகரத்தின் கத்தோலிக்க ஆயர். 1785 இறுதியில் அவருடைய அண்ணன் மகன் வாரிசு இல்லாமல் இறந்துபோக, டன்பாயின் பிரபு என்ற பட்டமும் நிலங்களும் இவருக்கு வந்து சேர்ந்தன. ஐம்பது வயதைத் தாண்டியவர், துறவு வாழ்க்கை. இவரோடு நேர்வழி முடிந்துவிடும். ஆயர் பதவியை விட்டு விலகி, கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டுப் போப் ஆறாம் பயஸுக்கு எழுதினார். மறுப்பு வந்தது. 1787 ஆகஸ்டில் கிளான்மெல் நகரத் தேவாலயத்தில் புரோட்டஸ்டன்ட்டாக மாறினார், உறவுக்காரப் பெண்ணை மணந்தார். நாடே அதிர்ந்தது. ஆனால் வாரிசாக மகன் பிறக்கவே இல்லை.

1800 மே மாதம், மரணப்படுக்கையில், போப்புக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். வில்லியம் கஹான் என்ற அகஸ்தீனியப் பாதிரியார் வந்து அவரைப் பார்த்தார். மீத் மாவட்டத்தில் இருந்த டன்பாயின் நிலத்தை மேனூத் கத்தோலிக்கக் குருமடத்துக்கு உயில் எழுதிவிட்டு இறந்தார். 1795இல்தான் தொடங்கப்பட்ட கல்லூரி அது. செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவருடைய தங்கை கேத்தரின் ஓ'பிரையன் பட்லர் வழக்குப் போட்டார். அவருடைய வாதம் எளிமையானது: என் அண்ணன் கத்தோலிக்கராகத் திரும்பி இறந்தார், ஆகவே அவர் எழுதிய உயில் நிலத்துக்குச் செல்லாது, ஆகவே நிலம் ரத்த உறவான எனக்கு. இப்போது எதிர்த்தரப்பைப் பாருங்க. உயில் செல்ல வேண்டுமானால், அவர் புரோட்டஸ்டன்ட்டாகவே செத்தார் என்றாக வேண்டும். கத்தோலிக்கக் குருக்களை உருவாக்கும் கல்லூரிக்கு, தனக்குக் கொடை கொடுத்தவர் கத்தோலிக்கராகச் செத்தார் என்று நிரூபணமானால் நஷ்டம்!

உண்மை தெரிந்தவர் பாதிரியார் கஹான்தான். 1802இல் ட்ரிம் நகர நீதிமன்றத்தில் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள்: பிரபு எந்த மதத்தில் இறந்தார்? குருவாக எனக்கு நம்பிச் சொல்லப்பட்டதைச் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்தார். எழுபது வயதுக் கிழவர். நீதிபதி கில்வார்டன் பிரபு அவரை நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கு அனுப்பினார். முழுத் தண்டனையையும் அவர் அனுபவிக்க வேண்டி வரவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. திறந்திருந்தால் நிலம் யாருக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வழக்கு பிறகும் சில வருஷம் நீடித்து, சமரசத்தில் முடிந்தது. தங்கைக்கு ஒரு பங்கு, கல்லூரிக்கு ஒரு பங்கு. கல்லூரி தனக்கு வந்த வருமானத்தை வைத்து மேற்படிப்பு மாணவர்களுக்கு ஒரு பிரிவைத் தொடங்கியது. அதற்கு டன்பாயின் பெயரையே வைத்தார்கள். மேனூத்தில் டன்பாயின் இல்லம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

அந்தக் காலத்து ஐரிஷ் உயில் சுருக்கம் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், யாருக்கு எவ்வளவு என்று முதலில் பார்க்காதீங்க. எந்த வருஷம் எழுதியது, எழுதியவர் அன்று எந்த மதம், மூத்த மகன் எந்த மதம் என்று பாருங்க. நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் மாடுகளையும் வெள்ளிக் கரண்டிகளையும் மட்டும் பிரித்துக் கொடுக்கும் உயிலாக இருந்தால், அவரிடம் நிலம் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இருந்திருக்கலாம். அதைப் பற்றி எழுதத்தான் அவருக்கு உரிமை இல்லை.