ஒரே ஒரு பட்டனில் தொடங்கிய கதை: பறக்கத் திரும்பி வருபவருக்கு எந்த டிரான்ஸ்மிட்டர்?

(ஒலி எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

மாடல் விமானம் பறக்கவிடுவதைப் பாதியில் விட்டவர்கள் நிறைய பேர் உண்டு. காலேஜ் முடிந்தது, வேலை வந்தது, ஊர் மாறியது, விமானம் பரண் மேல ஏறிடுச்சு. பத்து, பதினைந்து வருஷம் கழித்து ஆசை திரும்ப வருது. அப்போ அவங்க கேட்கிற முதல் கேள்வி விமானத்தைப் பற்றி இருக்காது. "எந்த டிரான்ஸ்மிட்டர் வாங்கலாம்?" என்பதுதான்.

கடையில் கேட்டால் மாடல் பெயரும் விலையும் சொல்வாங்க. ஆனா அந்தக் கேள்விக்குள்ள வேறொரு கேள்வி இருக்கு. என் கைக்கும், முந்நூறு மீட்டர் தள்ளிப் பறக்கிற ரெண்டு கிலோ பொருளுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு இருக்கே, அதை எவ்வளவு நம்பலாம்? அது அறுந்தா விமானம் யார் தலையில் விழும்? ஆர்.சி. வரலாறு முழுக்க இந்தக் கயிற்றைப் பற்றின வரலாறுதான். அதைத் தெரிஞ்சுக்கிட்டா கடையில் என்ன கேட்கணும்னு தானா புரியும்.

ஆரம்பம் வானத்தில் இல்லை, தண்ணீரில். 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் நிகோலா டெஸ்லா ஒரு சின்னப் படகைத் தொட்டியில் விட்டு, வயர் எதுவும் இல்லாமல் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. படகு நின்றாலும் மிதக்கும். விமானம் அப்படியில்லை. அதனால் அடுத்த படிக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆனது.

1937-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள், 'கஃப்' என்று பெயர் வைத்த தங்கள் விமானத்தை ரேடியோ வழியாகப் பறக்கவிட்டார்கள். அடுத்த ஆண்டே டெட்ராய்ட்டில் நடந்த தேசியப் போட்டியில் ரேடியோ பிரிவில் முதல் பரிசு. அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு.

அந்தக் காலத்து 'கன்ட்ரோல்' எப்படி இருந்ததுன்னு கேட்டா சிரிப்பு வரும். அதற்குப் பிறகும் பல வருஷம் சாதாரண ஆர்வலர் கையில் இருந்தது ஒரே ஒரு பட்டன். விமானத்துக்குள்ள முறுக்கி வைத்த ஒரு ரப்பர் பேண்ட். பட்டனை அழுத்தினா ரப்பரின் முறுக்கு ஒரு படி அவிழும், வால் பக்கத்து ரடர் வலது பக்கம் முழுசாத் திரும்பும். விட்டா நேராகும். மறுபடி அழுத்தினா இடது பக்கம். இந்தப் பொறிக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். கடைசியா எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை நீங்கதான் ஞாபகம் வெச்சுக்கணும். மறந்தா இடது பக்கம்னு நினைச்சு அழுத்துவீங்க, அது வலது பக்கம் போகும். பறக்கும் நடுவில் ரப்பர் முறுக்கு தீர்ந்து போனா? அதுக்கப்புறம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. ரெஜினால்ட் டென்னி என்று ஒரு ஆங்கிலேய நடிகர். முதல் உலகப் போரில் விமானப் படையில் இருந்தவர், பிறகு ஹாலிவுட்டில் படம் நடித்துக்கொண்டே மாடல் விமானக் கடை வைத்திருந்தார். அந்தப் பொழுதுபோக்கு ரேடியோபிளேன் என்ற கம்பெனியாக வளர்ந்தது. பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழக அமெரிக்க ராணுவத்துக்கு ஆளில்லா இலக்கு விமானங்களை, ஏறக்குறைய 15,000 வரை, அது செய்து கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நார்மா ஜீன் என்ற இளம்பெண்ணை, போரின் கடைசிக் காலத்தில் ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படமெடுத்தார். அவர்தான் பின்னாளில் மர்லின் மன்றோ. இன்னைக்கு நாம ட்ரோன்னு சொல்ற பொருளின் தாத்தா, ஒரு நடிகரின் ஹாபி கடையிலிருந்து வந்தது. இது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல், விட மனசு வரல.

சரி, போருக்குப் பிறகு 'ரீட்' செட் வந்தது. டிரான்ஸ்மிட்டர் ஒரு குறிப்பிட்ட சுருதியை அனுப்பும். ரிசீவரில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு சுருதிக்கு மட்டும் அதிரும். அதிர்ந்தா அதற்குரிய மோட்டார் ஓடும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு பட்டை, அதனால் பத்துப் பட்டை செட்டில் ஐந்து கன்ட்ரோல். ஆனா இதிலும் ஸ்டிக்கைக் கொஞ்சமா நகர்த்தினா ரடரும் கொஞ்சமா நகரும் என்ற கதை கிடையாது. சின்னச் சின்ன சுவிட்சைத் தட்டித் தட்டித்தான் ஓட்டினார்கள். தந்தி அடிக்கிற மாதிரி.

நாம இன்னைக்கு 'ஸ்டிக்' என்று சொல்வது உண்மையில் 1960-களின் தொடக்கத்தில்தான் பிறந்தது. டக் ஸ்ப்ரெங், டான் மேதர்ஸ் என்ற இருவர் கலிபோர்னியாவில் டிஜிகான் என்ற செட்டை உருவாக்கினார்கள். யோசனை எளிமையானது. கையின் நிலையை நேர அளவாக மாற்றி அனுப்பு. ஸ்டிக் ஒரு ஓரத்தில் இருந்தால் 1 மில்லி செகண்ட் நீளமுள்ள மின்துடிப்பு, நடுவில் இருந்தால் 1.5, மறு ஓரத்தில் 2. சர்வோ தன் நிலையைத் தானே அளந்து, வந்த துடிப்போடு ஒப்பிட்டு, சரியாகும் வரை நகரும். கிட்டத்தட்ட 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, அதாவது செகண்டுக்கு 50 தடவை, இது புதுப்பிக்கப்படும்.

இதை உலகத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஃபில் கிராஃப்ட். தானே ரேடியோ செட் தயாரித்து விற்று, 1967-ல் கோர்சிகாவில் நடந்த உலக ஏரோபாட்டிக்ஸ் சாம்பியன்ஷிப்பைத் தன் 'குவிக் ஃப்ளை' விமானத்தால் ஜெயித்தார். இதைவிட நல்ல விளம்பரம் ஒரு கம்பெனிக்குக் கிடைக்குமா என்ன!

திரும்பி வருபவர் கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கு. அந்த 1-லிருந்து 2 மில்லி செகண்ட் கணக்கு இன்றுவரை மாறவில்லை. பரண் பெட்டியில் இருக்கிற பழைய சர்வோ, நேற்று வாங்கிய ரிசீவரோடும் பெரும்பாலும் வேலை செய்யும். ரெண்டு எச்சரிக்கை மட்டும். சில பழைய பிராண்டுகளில் மூணு வயரின் வரிசை வேறு, பார்க்காம சொருகினா புகைதான். பழைய சர்வோ 4.8 முதல் 6 வோல்ட்டுக்குச் செய்தது, அதுக்கு இன்றைய லித்தியம் பேட்டரியை நேரடியாகக் கொடுக்கக் கூடாது.

சர்வோ பிழைச்சுக்கும். பழைய டிரான்ஸ்மிட்டர் பிழைக்காது. ஏன்னு பார்க்கலாம்.

அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் பரவலாக 35 மெகாஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டை. ஒவ்வொரு செட்டிலும் ஒரு கிரிஸ்டல், அதுதான் உங்க சேனல். 1991-க்குப் பிறகு அமெரிக்காவில் 72-ல் 11 முதல் 60 வரை ஐம்பது சேனல். இப்போ மைதானத்தை நினைச்சுப் பாருங்க. நீங்க சேனல் 38-ல் பறக்கவிட்டுட்டு இருக்கீங்க. பார்க்கிங்கில் இன்னொருத்தர், அவரும் 38, காரிலிருந்து இறங்கி "பேட்டரி இருக்கான்னு பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடுகிறார். உங்க விமானத்துக்கு இப்போ ரெண்டு எஜமானர்கள். சில செகண்டில் அது தரையில். இதை 'ஷூட் டவுன்' என்றே சொன்னார்கள். சுட்டவருக்குத் தான் சுட்டதே தெரியாது.

இதற்கு கிளப்புகள் கண்ட தீர்வு தொழில்நுட்பம் இல்லை, ஒரு மரப்பலகையும் துணி கிளிப்பும். பலகையில் சேனல் எண் போட்ட கிளிப்புகள். உங்க எண்ணின் கிளிப்பை எடுத்து ஆண்டெனாவில் மாட்டின பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். கிளிப் இல்லையா, வேறொருத்தர் பறக்கவிடுகிறார், காத்திருங்க. பல இடங்களில் வந்தவுடனே எல்லா டிரான்ஸ்மிட்டரையும் ஒரு மேசையில் ஒப்படைக்கணும். பல ஆண்டுகளாக இந்த விளையாட்டின் பாதுகாப்பு முழுக்க ஒழுக்கத்தில்தான் நின்றது. அந்த முறை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனா அதுக்காகத் திரும்பப் போக மாட்டேன்.

மாற்றம் 2005-ல் வந்தது. ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் டி.எக்ஸ்.6, அடுத்த ஆண்டு டி.எக்ஸ்.7. நம்ம வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண், ரிசீவர் அந்த எண்ணைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்காது. இதைத்தான் 'பைண்ட்' பண்றதுன்னு சொல்றோம். கிளிப் பலகை சுவரில் தொங்கும் பழம்பொருள் ஆகிவிட்டது. ஆண்டெனாவும் சுருங்கியது. 72 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஒரு மீட்டருக்கு மேல், அதனால்தான் பழைய விமானங்களின் வாலில் அந்த நீள வயர். 2.4-ல் அது மூன்று சென்டிமீட்டர் சொச்சம்.

ஃபுடாபாவின் ஃபாஸ்ட் முறை ஒரு சேனலில் உட்காராமல் தாவிக்கொண்டே இருக்கும். ஸ்பெக்ட்ரமும் பிறகு அந்த வழிக்கு வந்தது. தாவும் அலைவரிசை என்றதும் ஹெடி லமார் பெயர் வரும். அந்த ஹாலிவுட் நடிகையும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் 1942-ல் வாங்கிய காப்புரிமை, ரேடியோவால் ஓட்டும் டார்பிடோவை எதிரி குழப்பாமல் இருக்க 88 அலைவரிசைகளுக்கிடையே தாவும் முறை. பியானோவில் இருப்பதும் 88 கட்டைகள், தானே வாசிக்கும் பியானோவின் துளைச் சுருளிலிருந்து பிறந்த யோசனை. கடற்படை போரின்போது அதைப் பயன்படுத்தவில்லை. "வைஃபையைக் கண்டுபிடித்தவர் ஹெடி லமார்" என்று ஃபார்வர்டு வந்தால் கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக்கோங்க. ஆனா கருவியைத் தூரத்திலிருந்து ஓட்டும்போது சிக்னலைத் தாவவிடணும் என்ற யோசனை அவர்களுடையதும்தான்.

2.4-க்கும் குறை உண்டு. கார்பன் ஃபைபர், பேட்டரி, நம்ம உடம்பு எல்லாம் இந்த அலையை மறைக்கும். ரிசீவர் ஒரு குட்டி கம்ப்யூட்டர், வோல்டேஜ் நொடி நேரம் விழுந்தாலும் ரீஸ்டார்ட் ஆகலாம். அதனால் ஃபெயில்சேஃப்: சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்து என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. அதை செட் பண்ணிட்டு, விமானத்தைப் பிடிச்சுக்கிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்து ஒருமுறை சோதிக்காமல் பறக்கவிடவே கூடாது.

கிரிஸ்டல் காலத்தில் ஒருத்தர் ரிசீவர் இன்னொருத்தர் செட்டோடு பல சமயம் ஒத்துப்போகும். 2.4 வந்ததும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு பாஷை பேச ஆரம்பித்தது. டிரான்ஸ்மிட்டர் வாங்குவது என்பது அந்தக் கம்பெனி ரிசீவர்களோடு கல்யாணம் மாதிரி ஆச்சு. அதற்கு எதிர்வினை ஆர்வலர்களிடமிருந்தே வந்தது. ஓப்பன் டி.எக்ஸ் என்ற திறந்த மென்பொருள் ஃபிரஸ்கையின் டரானிஸ் மூலம் பரவியது, அதிலிருந்து 2021-ல் எட்ஜ் டி.எக்ஸ் கிளைத்தது. பல கம்பெனி பாஷையையும் பேசும் மல்டி புரோட்டோகால் மாட்யூலும் வந்தது. பிறகு எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ், லோரா சிப்பை வைத்துச் செய்த, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய ரேடியோ இணைப்பு. செகண்டுக்கு 50 தடவை என்று டிஜிகான் காலத்தில் தொடங்கிய கணக்கு இதில் 1000 வரை போகும்.

இப்போ கடைக்குப் போகலாம். நான் முதலில் கேட்கச் சொல்வது பிராண்ட் இல்லை, மோட். த்ராட்டில் இடது கையில் இருந்தால் மோட் 2, வலது கையில் இருந்தால் மோட் 1. நீங்க பழகியது எதுவோ அதையே வாங்குங்க. மூளை மறந்தாலும் விரல் மறக்காது, ஆபத்து நேரத்தில் விரல்தான் முடிவெடுக்கும். அடுத்தது, நீங்க போகப்போகிற மைதானத்தில் மற்றவர்கள் என்ன வைத்திருக்காங்க? முதல் சில தடவை டிரெய்னர் கேபிளோ வயர்லெஸ் டிரெய்னரோ வைத்து ஒருத்தர் துணைக்கு நிற்கணும். ரெண்டு செட்டும் ஒத்துப்போனா பாதிப் பயம் போயிடும்.

அதற்குப் பிறகு, என் தனிப்பட்ட கருத்து: எட்ஜ் டி.எக்ஸ் ஓடும், உள்ளேயே எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ் இருக்கும், ஹால் சென்சார் ஸ்டிக் உள்ள ஒரு நடுத்தர செட் போதும். ரேடியோமாஸ்டர் போன்றவர்கள் இதில் நிறைய வகை வைத்திருக்காங்க. மெனு குழப்பும், உண்மை, ஒரு வார இறுதி போகும். அதற்குப் பொறுமை இல்லை, பெட்டியைத் திறந்ததும் பறக்கணும் என்றால் ஃபுடாபா, ஸ்பெக்ட்ரம் தப்பே இல்லை, ரிசீவர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

நம்ம ஊருக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005 முதல் குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்-இன் நீண்ட தூர வகை வாங்கினால் அமெரிக்காவின் 915 செட்டை வாங்காதீங்க, இங்கே திறந்திருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், மென்பொருளில் இந்தியாவுக்கென்று தனித் தேர்வே இருக்கு. பறக்கும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்க மைதானம் பச்சையில் இருக்கான்னு பாருங்க.

பரணில் இருக்கிற அந்தப் பழைய 72 மெகாஹெர்ட்ஸ் செட்? பேட்டரியைக் கழற்றிட்டு அலமாரியில் வைங்க. நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தால் உள்ளே இருக்கிற போர்டு பச்சை பூத்துப் போயிடும்.