காகிதத்துக்காகப் பிறந்த குளிர்

ஏர் கண்டிஷனர் மனிதனுடைய சுகத்துக்காகப் பிறந்தது என்றுதான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். இல்லை, காகிதத்தின் சௌகரியத்துக்காகப் பிறந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்று ஓர் அச்சுக்கூடம் இருந்தது. கோடையில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். ஒரு வர்ணத்தின் மேல் அடுத்த வர்ணம் சரியாக விழாது. கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது பத்திரிகைக்கு எழுதுகிற எங்களுக்கல்லவா தெரியும்!

1902-ஆம் வருஷம் வில்லிஸ் காரியர் என்ற 25 வயது இஞ்சினீயர் இதற்கு வழி கண்டார். குளிர்ந்த குழாய்களின் மீது காற்றைச் செலுத்த ஏற்பாடு செய்தார். சில்லென்ற தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் முத்து முத்தாய் வியர்ப்பதுபோல, காற்றிலிருந்த ஈரம் குழாய்மீது இறங்கிவிட்டது.

நம் வீட்டு யந்திரமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. சங்கடமும் அங்கேதான். ஈரம் கண்ட தூசி சும்மா போகுமா? ஒட்டிக் கொள்ளும், பூஞ்சை பிடிக்கும், காற்று போகும் வழி அடையும். குளிர் குறையும், மின்சாரக் கட்டணம் ஏறும். முன்புறத்து வலையை நாமே அவ்வப்போது அலம்பி உலர்த்திவிடலாம். உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கும், காற்றை வீசும் உருளைக்கும், நீர் வடியும் தட்டுக்கும் ஆள்தான் வர வேண்டும். "நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று அவரைத் திருப்பி அனுப்புகிற வீடுகள் உண்டு. வடிகுழாய் அடைத்துக் கொண்டு, காரியர் காகிதத்தை விட்டு விரட்டிய ஈரம் புத்தக அலமாரியில் சொட்டும்போதுதான் மறுபடி அவரைக் கூப்பிடுகிறார்கள்.