அடுக்கும் முறை: இரங்கநாதன் காட்டிய வழி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பார்கள். மழை பொய்த்தால் பயிர்க் காப்பீடுதான் கைகொடுக்க வேண்டும். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர அடங்கல், விதைப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் அட்டை முதலியவை வேண்டும். இவற்றின் படங்கள் இன்று பல வீடுகளில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையின் கைப்பேசியில்தான் இருக்கின்றன.

என் மாணவர் ஒருவர் தம் தந்தை பருத்திக்குக் கட்டிய பிரீமியம் ரசீதைத் தேடி ஆய்வகத்தின் வாசலில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். கைப்பேசியில் நாலாயிரம் படங்கள் இருந்தன. "அப்பா பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கு சார், இன்சூரன்ஸ்னு ஒண்ணு, பருத்தின்னு ஒண்ணு. எதுல வச்சேன்னுதான் தெரியல" என்றார். ரசீது தொலையவில்லை, அது இருக்கும் இடந்தான் தெரியவில்லை.

இதே சிக்கலை நூறாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக் கணித ஆசிரியர் ஒருவர் எதிர்கொண்டார். அவர்தாம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். அவ்வாண்டே நூலகக் கலை பயில இலண்டன் சென்றார்.

அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அது மரம் போன்றது. அடிமரத்திலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை என்று அறிவு முழுவதும் பிரிக்கப்பட்டிருக்கும். ஆனால் மதுரைப் பகுதியில் பருத்திப் பூச்சிகளைத் தடுப்பது பற்றி ஒரு நூல் வந்தால், அதைப் பருத்தியில் வைப்பதா, பூச்சியில் வைப்பதா, மதுரையில் வைப்பதா? நூல் ஒன்று, அலமாரியில் அதற்கு இடமும் ஒன்றே. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இத்தொல்லை இல்லை. கடுகு ஒருபோதும் சீரகமாகவும் இருப்பதில்லை. நூல்களும் ஆவணங்களும் அப்படிப்பட்டவை அல்ல.

இலண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை இரங்கநாதன் கண்டார். துளையிட்ட சில உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றைப் பலவாறு இணைத்துப் பல பொம்மைகள் செய்யலாம். பொருள்களையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது இணைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கூறுகளை முக்காற்புள்ளியால் இணைத்ததால், 1933இல் வெளிவந்த அவருடைய முறை கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது.

பின்னர் எந்தப் பொருளுக்கும் ஐந்து முகங்கள் உண்டு என்று அவர் வகுத்தார். அவை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்பன. ஆளுமை என்பது எதைப் பற்றியது என்பதைக் குறிக்கும். ஆற்றல் என்பது அதில் நடக்கும் செயல். மிகத் திட்டமானது முதலில் வரும். காலம் கடைசியில் வரும். இவ்வரிசை மாறாது என்பதே முறையின் உயிர்.

கணிப்பொறியின் கதைக்கு வருவோம். 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் கணிப்பொறியின் திரையில் அட்டைக் கோப்புறையின் படம் இருந்தது. கோப்புறைக்குள் கோப்புறை என்னும் அந்த அமைப்பு டூயியின் மரத்தைப் போன்றதே. என் மாணவரின் தொல்லைக்கும் அதுவே காரணம். ஆனால் கோப்புக்கு நாமே பெயரிடலாம் அல்லவா? அப்பெயரில் முகங்கள் அனைத்தையும் எழுதிவிடலாம்.

யாருடையது, எதற்கானது, எந்தப் பயிர், என்ன ஆவணம், எந்த நாள் என்ற வரிசையில் எழுதிப் பார்ப்போம்: அப்பா-காப்பீடு-பருத்தி-ரசீது-2024-10-05. பெயர்வாரியாக அடுக்கச் சொன்னால் அப்பாவின் காப்பீட்டு ஆவணங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். 'பருத்தி' என்றோ 'ரசீது' என்றோ தேடினாலும் இதே கோப்பு கிடைக்கும். ஒரே இடத்தில் இருந்துகொண்டு பல வாசல்களில் அது நமக்குக் காட்சி தருகிறது.

நாளை ஏன் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்? கணிப்பொறி பெயர்களை இடப்புறத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறது. 05-10-2024 என்று எழுதினால் எல்லா ஆண்டுகளின் ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் எண்வரிசையே கால வரிசையாகிவிடும். பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பும் 1988இல் இவ்வரிசையையே தரமாக வெளியிட்டது.

நூலகவியலுக்கு 1931இல் ஐந்து விதிகள் வகுத்த இரங்கநாதன், வாசகரின் நேரம் வீணாகக்கூடாது என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது மற்றொன்று. கைப்பேசியும் அப்படித்தான். ஆகவே நாலாயிரம் படங்களுக்கும் பெயர் மாற்ற முனைந்து சோர்ந்துவிட வேண்டாம். இன்று எடுக்கும் அடங்கல் படத்திலிருந்து தொடங்குங்கள். பழையவற்றைக் கண்ணில் படும்போது மாற்றிக்கொள்ளலாம்.

அம்மாணவர் அன்று தந்தையின் ஆவணங்கள் பன்னிரண்டுக்கு மட்டும் பெயரிட்டார். அடுத்த விதைப்புக்கு முன் தந்தை ரசீதைக் கேட்டபோது, பேருந்தில் நின்றபடியே எடுத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.