எழுத்தைக் கலைப்பதற்கு முன்

அத்தை பாடிய ஒப்பாரிகளை நோட்டிலிருந்து தட்டச்சு செய்து முடித்தேன். 101 பக்கம் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பா நினைவுதான் வந்தது. கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் 31 வருஷம் கம்பாசிட்டராக இருந்தவர். எந்தப் புத்தகத்தையும் அவர் பக்கத்தில் எண்ண மாட்டார், ஃபாரத்தில்தான் எண்ணுவார். தாளின் இரண்டு புறமும் எட்டெட்டுப் பக்கம் அச்சாகி மடிந்தால் 16 பக்கம், அது ஒரு ஃபாரம். என்னுடைய 101 பக்கம் ஆறு ஃபாரம் போக ஐந்து. அந்த ஐந்துக்காக அரை ஃபாரம் ஓட்டினால் 104. மூன்று பக்கம் மிச்சம். "வெள்ளையா விட்டா காகிதத்துக்குக் குடுத்த காசும் வெள்ளையாப் போச்சு பாப்பா" என்பார்.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம். தமிழில் கிடைத்திருக்கும் அச்சு நூல்களில் மூத்த ஒன்று. அதன் பிறகு தரங்கம்பாடி. அங்கிருந்த கிறித்தவப் பாதிரியார் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து இறங்கின. உருவம் பெரியது. அதில் பைபிளை அச்சிட்டால் இருக்கிற காகிதம் தாங்காது. அதனால் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடிப் பக்கத்திலேயே வார்த்தார்கள், பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் முழுமையானது. எழுத்தின் அளவையும் தாளையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்க்கும் வேலை எங்கள் காவிரிப் படுகையில் அன்றே தொடங்கிவிட்டது.

அப்பா காலத்து அச்சகத்தில் ஈய எழுத்து அளவாகத்தான் இருக்கும். ஒரு ஃபாரம், மிஞ்சினால் இரண்டு ஃபாரம் கோக்கும் அளவுக்கு. ஸ்டிக்கில் வரி வரியாக அடுக்கி, காலிப் புரூஃப் எடுத்து, திருத்தி, பக்கமாகக் கட்டி, மெஷினில் ஏற்றுவார்கள். ஓடி முடிந்ததும் எழுத்தைக் கலைத்து, 'க'வைக் 'க' அறையிலும் கொம்பைக் கொம்பு அறையிலும் போட்டால்தான் அடுத்த ஃபாரத்தைத் தொட முடியும். இதனால் தன் காசில் புத்தகம் போட வருகிறவர் முதல் தாள் ஓடும் முன்பே எத்தனை பிரதி என்று சொல்லிவிட வேண்டும். ஐந்நூறு என்று சொல்லி, பாதி வேலையில் ஆயிரமாக்குங்கள் என்றால் முடியாது. முன் ஃபாரங்களெல்லாம் கலைந்து அறைக்குப் போயிருக்கும். சம்பளத்தைச் சேர்த்துவைத்து, ஸ்தல புராணமோ கவிதையோ அச்சிட வந்த வாத்தியார்கள் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுக்குக் காபி கொண்டுபோகும்போது நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரிலேயே அந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே வருஷம் அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அதிலிருந்து ஏழு வருஷ உழைப்பு. ஏடுகளை ஒப்பிட்டார், சமணம் விளங்க உள்ளூர்ச் சைனர்களிடம் போய்க் கேட்டார். அச்சு வேலை சென்னையில், திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில். இவருக்கோ கும்பகோணத்தில் வகுப்பு. விடுமுறையில் போய் நேரில் பார்ப்பார், மற்ற நாட்களில் புரூஃப் தபாலில் வந்துபோகும். பணத்துக்குக் கையொப்பம். புத்தகம் வெளிவரும் முன்பே இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று ஆதரவாளர்கள் எழுதித் தருவது அக்கால வழக்கம்.

என்னை வியக்க வைப்பது அவர் பக்கத்தைக் கூட்டிய துணிச்சல். அவர் மூலத்தையும் நச்சினார்க்கினியர் உரையையும் மட்டும் அச்சிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செலவும் குறைந்திருக்கும். அவரோ நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் காகிதம், கோப்புக் கூலி, அச்சுக் கூலி. கடன் பயத்தோடு இருந்த ஒரு கல்லூரி வாத்தியார், படிக்கிறவர் திணறக் கூடாதே என்று அந்தச் செலவை ஏற்றார். 1887இல் புத்தகம் வந்தது. இரண்டாம் பதிப்பு 1907இல். நடுவில் 20 வருஷம். அந்த மறுபதிப்புக்கு முதல் எழுத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டியிருந்தது என்பதை ஒரு கம்பாசிட்டர் மகளால் சாதாரணமாக நினைத்துக் கடக்க முடியவில்லை.

தன் காசில் புத்தகம் போட்டவர்களில் எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவையும் சொல்ல வேண்டும். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, எழுத்து பிரசுரமாகப் புத்தகங்களும் போட்டு, பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றவர். 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக 1997இல் தாமே வெளியிட்டபோது அவருக்கு எண்பதுக்கு மேல் வயது. அடுத்த வருஷம் காலமானார். சாகித்திய அக்காதெமி விருது 2001இல் வந்தது.

பிறகு ஆஃப்செட் வந்தது. எழுத்தைக் கலைக்கும் வேலையே ஒழிந்தது. இன்று கோப்பு கணினியில் கிடக்கிறது, முப்பது பிரதி வேண்டுமென்றால் முப்பது போடுகிறார்கள். எட்டு வருஷத்துக்கு முன் என் சிறுகதைகளை அப்படித்தான் போட்டேன். பசை வைத்து ஒட்டிய பெர்ஃபெக்ட் பைண்டிங். ஒரே கோடையில் பசை காய்ந்து தாள் தாளாகக் கழன்றது. நூலகத்தில் கொடுத்த பிரதியை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால் இந்தத் தடவை முதலில் முடிவானது கட்டுதான்: நூல் தையல். தைக்க வேண்டுமென்றால் தாள் மடிய வேண்டும், தாள் மடிந்தால் ஃபாரம் கணக்கு திரும்ப வருகிறது. இரண்டாவது அளவு. கிரவுன் சைஸ் கைக்கு அடக்கம், செலவும் குறைவு. ஆனால் அத்தையின் வரிகள் நீளம். மூச்சு முட்டும் வரை இழுத்துப் பாடுவார். கிரவுனில் அந்த வரி ஒடிந்து பாதி கீழே விழும். ஒரு பக்கம் மாதிரி எடுத்துப் பார்த்தேன், பாட்டு நொண்டியது. அதைவிடப் பெரிய டெம்மியில் வரி முழுசாக நின்றது. டெம்மிதான். எழுத்து 12 பாயிண்ட், ஏனென்றால் இதைக் கேட்டு வாங்கப்போகிறவர்கள் அத்தையின் வயதையொத்த பெண்கள். தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, பளீர் வெள்ளை இல்லாமல் கொஞ்சம் பழுப்பு ஓடியது. உள்ளே படம் வேண்டாம்.

பிரதி 300. தையலுக்கு அதற்குக் குறைந்தால் பைண்டருக்குக் கட்டாது, அதற்கு மேல் எனக்குத் தாங்காது. பாபநாசம் பக்கத்தில் அத்தையின் ஊருக்கு ஒரு கோடு போட்ட நோட்டோடு போனேன். முன்பணம் 50 ரூபாய், பெயர் எழுதித் தாருங்கள் என்றேன். கையெழுத்துப் போடத் தெரியாத நாலு பேர் பேரனை விட்டு எழுதச் சொன்னார்கள். ஒரு ஆச்சி தன் பெயருக்குக் கீழே, இறந்துபோன தன் அக்கா பெயரையும் எழுதச் சொல்லி நூறு ரூபாய் தந்தார்.

இதுவரை 83 பெயர் சேர்ந்திருக்கிறது. 12 பாயிண்டில் ஒரு பக்கத்துக்கு 28 பெயர் வைத்தால் மூன்று பக்கம்.