புகையை மறித்த அடுப்பு



குளிர்காய நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முகம் பொசுங்கும், முதுகு விறைக்கும். நமக்கு இது மார்கழி விடியற்காலையில் ஒரு நாழிகைச் சங்கதி. ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள சுவீடன் மக்களுக்கோ மாதக்கணக்கில் நீடிக்கிற தொல்லை. ஏரித் தண்ணீரே கல்லாக உறைகிற ஊர் அது.

அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டுக்குள் திறந்த அடுப்பில் கட்டை கட்டையாக எரித்தார்கள. சூட்டில் பெரும்பங்கு புகையோடு சேர்ந்து வானத்துக்குப் போனது. போகிற புகை அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்துக்குக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று நுழையும். எரிக்க எரிக்கக் குளிர்தான்!

"காடுதான் இருக்கே, வெட்டினால் போச்சு" என்பீர்கள். ஆனால் சுவீடனின் பெரிய ஏற்றுமதி இரும்பு. அதை உருக்க மரக்கரி வேண்டும். உலைக்கும் மரம், வீட்டுக்கும் மரம் என்றால் காடு எத்தனை நாள் தாங்கும்? கவலை அரசாங்கத்தைப் பிடித்தது. விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு செய்யும் பொறுப்பு கட்டடக் கலைஞர் கார்ல் யோகான் கிரோன்ஸ்டெட்டிடமும் படைத்தளபதி ஃபேபியன் வ்ரேடேயிடமும் வந்தது. 1767-இல் அவர்கள் வழி கண்டார்கள்.

அவர்கள் நெருப்பைப் பெரிதாக்கவில்லை, புகையை மறித்தார்கள். ஓடுகிற தண்ணீரை வரப்புக் கட்டி வயலில் நிறுத்துகிறோமே, அந்த மாதிரி. செங்கல் அடுப்புக்குள் புகை மேலே ஏறி, இருபுறமும் கீழே இறங்கி, மறுபடி ஏறித்தான் புகைபோக்கிக்குப் போக முடியும். போகிற வழியெல்லாம் சூட்டைச் செங்கல்லுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். சூளை பிரித்தவர்களுக்குத் தெரியும், தீ அணைந்தாலும் செங்கல் சூட்டை லேசில் விடாது. அதேபோல, காய்ந்த விறகைக் கொஞ்ச நேரம் நன்றாக எரித்தால், பல மணி நேரம் அறை முழுக்க ஒரே சீராக வெதுவெதுப்பு! முகத்துக்கு ஒரு சூடு, முதுகுக்கு ஒரு சூடு என்பது போய்விட்டது. வசதி உள்ள வீடுகளில் அறைக்கு அறை இந்த அடுப்பு நின்றது. வெளிப்புறத்தில் பூ வேலை செய்த பளபளப்பான ஓடுகள்.

ஒரு ஆபத்தும் உண்டு. தீ அணைந்ததும் சூடு வெளியே போகாமல் புகைபோக்கியின் தட்டை மூடிவிடுவார்கள். தணல் இருக்கும்போதே அவசரப்பட்டு மூடினால், நிறமும் வாசனையும் இல்லாத விஷவாயு அறைக்குள் பரவும். தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். சூட்டை மிச்சம் பிடிக்கப் போய் உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் வெந்நீர்க் குழாய்கள் வந்து இந்த அடுப்பை ஓரங்கட்டின. 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும், பாட்டன் காலத்து அடுப்புக்கு மறுபடி மவுசு வந்தது.

நம் வீட்டுக்குக் கணப்பு வேண்டாம். ஆனால் நம் அடுப்பிலும் சூடு எந்த வழியாக வீணாகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். புகையோடு போவது வெறும் புகை இல்லை. நீங்கள் வெட்டிச் சுமந்த விறகு.