தடிப்பும் உறுதியும்: பீரங்கி வளையத்தின் வரலாறு

ஒரு பொருள் உறுதியுடையதாதல் வேண்டுமாயின் அதனைத் தடிப்பாக அமைத்தல் போதும் என்பது பலர் கருத்து. கோட்டை மதிலுக்குப் பொருந்தும் இக்கருத்து, உள்ளிருந்து அமுக்கத்தைத் தாங்கும் குழலுக்குப் பொருந்துவதன்று. இவ்வுண்மையை ஓர் அரசாங்கம் தன் அமைச்சர் இருவரைப் பலிகொடுத்துக் கற்றுக்கொண்டது. அவ்வரலாற்றையும் அதன் பின்விளைவுகளையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

பீரங்கியின் வரலாற்றை வண்டிச் சில்லிலிருந்தே தொடங்குதல் வேண்டும். மரச்சில்லின் சுற்றளவிலும் சிறிது குறைந்த சுற்றளவுடைய இரும்பு வளையத்தைக் கொல்லர் நெருப்பிலிட்டுக் காய்ச்சுவர். வெப்பத்தால் வளையம் விரியும். நான்கு அடி விட்டமுடைய வளையத்தின் வெப்பநிலை 300 பாகை சதமளவு உயருமாயின் அதன் சுற்றளவு ஏறத்தாழ அரை அங்குலம் கூடும். அந்நிலையிலேயே அதனைச் சில்லின்மேல் இறக்கி நீரூற்றிக் குளிரச் செய்வர். வளையம் தன் பழைய அளவுக்கு மீள முயலும். சில்லோ அதற்கு இடங்கொடாது. இப்போராட்டத்தினாலேயே ஆரங்களும் வட்டையும் குடமும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. எம்மூர் மாட்டுவண்டிகளைக் கண்டோர் இதனை நன்கறிவர். ஐரோப்பாவிற் கெல்திய மக்கள் கிறித்துவுக்கு முன்னரே இம்முறையைக் கையாண்டனர். ஆயினும், சில்லுக்கு உதவிய இவ்வுபாயம் பீரங்கிக்கும் உதவும் என்பது தெளிவாகப் பல நூற்றாண்டுகள் சென்றன.

1843ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறின்ஸ்ரன் என்னும் போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையில் திருகு விசிறியால் இயங்கிய முதலாவது நீராவிக் கப்பல் அதுவே. அதனை வகுத்தவர் சுவீடன் நாட்டு எந்திரியாகிய யோன் எறிக்சன். அதன் தலைவர் றொபேட் ஸ்ரொக்ரன். கப்பலில் 12 அங்குல உட்குழியுடைய இரு பெரும் பீரங்கிகள் இருந்தன. ஒன்று எறிக்சனின் திட்டப்படி இங்கிலாந்திற் செய்யப்பட்டது. பின்னர் ஒறிகன் எனப் பெயர்பெற்றது. சோதனையின்போது அதன் அடிப்பாகத்தில் வெடிப்புத் தோன்றவே, எறிக்சன் காய்ச்சிய தேனிரும்பு வளையங்களை அதன்மேற் பூட்டி இறுகச் செய்தார். வெடிப்புற்ற பீரங்கி அதன்பின்னும் பலமுறை சுட்டுத் தாங்கியது.

மற்றைப் பீரங்கியை ஸ்ரொக்ரன் தம் பொறுப்பில் அமெரிக்காவிற் செய்வித்தார். அவர் வளையங்களை விலக்கி, அடிப்பாகத்தை மேலும் தடிப்பாக்குவதே போதுமெனக் கொண்டார். 'சமாதானம் செய்வோன்' என அதற்குப் பெயரிட்டார். சில தடவைகளே சுட்டுச் சோதித்தபின் அது கப்பலில் ஏற்றப்பட்டது.

1844ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள், சனாதிபதி யோன் ரைலரும் அமைச்சரும் பிற பெருமக்களும் பிறின்ஸ்ரனில் ஏறிப் பொற்றோமாக் ஆற்றில் உலாச் சென்றனர். விருந்தினர் மகிழப் புதிய பீரங்கி சுடப்பட்டது. மீண்டும் சுடப்பட்டபோது அதன் அடிப்பாகம் பிளந்து சிதறியது. இராசாங்கச் செயலாளர் அப்சரும், பதவியேற்றுச் சில நாள்களேயான கடற்படைச் செயலாளர் கில்மரும் உட்பட அறுவர் மாண்டனர். அவ்வறுவருள் ஒருவர் சனாதிபதியின் அடிமைப் பணியாளராகிய ஆமிஸ்ரெட் என்னும் இளைஞர். கீழ்த்தளத்தில் இருந்தமையால் ரைலர் உயிர் தப்பினார். விசாரணை மன்று ஸ்ரொக்ரனைக் குற்றமற்றவர் என விடுவித்தது.

பீரங்கி பிளந்தமைக்குக் காரணம் யாது? உடைந்த இரும்பை ஆராய்ந்த பிராங்கிளின் கழகத்துக் குழுவினர், இரும்பு செம்மையாக ஒட்டிணையாத குறையைச் சுட்டினர். பெரும் இரும்புத் திணிவை உட்பாகம்வரை செவ்வனே அடித்து இணைத்தல் அரிது. சிறு வளையத்தை அவ்வாறு செய்தல் எளிது. இஃதொரு காரணம். மற்றொன்று கணிதத்தாற் புலப்படுவது. தடித்த குழலில் உட்பரப்பும் வெளிப்பரப்பும் சமமாகப் பாரந் தாங்குவதில்லை என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லாமே நிறுவினார். வெளிவிட்டம் உள்விட்டத்தின் இருமடங்காயின், உட்பரப்பின் இழுவைத் தகைப்பு வெளிப்பரப்பினதைப்போல் இரண்டரை மடங்காகும். மும்மடங்காயின் ஐந்து மடங்காகும். அஃதாவது, தடிப்பைக் கூட்டுந்தோறும் வெளியிலுள்ள இரும்பு பெரும்பாலும் வாளாவிருக்க, உள்ளிலுள்ளதே பாரத்தைச் சுமக்கின்றது. வளையம் பூட்டிய குழலில் நிலைமை வேறு. குளிர்ந்திறுகிய வளையம் அகக்குழலை முன்னரே நெருக்கி வைத்திருத்தலால், வெடிவாயு முதலில் அந்நெருக்கத்தை வென்ற பின்னரே உட்பரப்பை இழுக்கத் தொடங்கும். வெளியிலுள்ள இரும்பும் தன் பங்கைச் சுமக்கும்.

கிரிமியப் போரின்போது, நியூகாசில் நகரத்து ஆம்ஸ்ரோங் 1855ஆம் ஆண்டில் இத்தத்துவத்தையே முழுமையாகக் கையாண்டு, அகக்குழலின்மேல் தேனிரும்புச் சுருள்களைக் காய்ச்சிப் பூட்டிய பீரங்கியைச் செய்தார். 1859இல் அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் வழங்கப்பட்டது. 1860களில் பலிசர் என்பார் மறுதலையான வழியை மேற்கொண்டார். பழைய வார்ப்பிரும்புப் பீரங்கியின் உள்ளே தேனிரும்புக் குழலைச் செருகி, மிகையான மருந்திட்டுச் சுட்டு, அக்குழல் விரிந்து பொருந்துமாறு செய்தார். இதனாற் பயனற்றுக் கிடந்த பீரங்கிகள் மீண்டும் பயன்பட்டன.

போருக்கெனப் பயின்ற இவ்வறிவு, பின்னர் நகர மக்களின் நலத்துக்கும் உதவியது. 1971ஆம் ஆண்டில் இலண்டனில் எரிக் வூட் என்பார், பிசின் ஊறிய துணிக்குழலைப் பழைய கழிவுநீர்க் குழாயினுட் செலுத்தி, ஊதிப் பொருத்தி இறுகச் செய்தார். 1980களில் பிரித்தானிய எரிவாயு நிறுவனம், பொலித்தீன் குழாயை ஒடுங்கிய துவாரத்தினூடாக இழுத்து விட்டத்தைக் குறைத்து, பழைய இரும்புக் குழாயினுட் செலுத்தும் முறையை வகுத்தது. இழுவையைத் தளர்த்தியதும் அது தன் அளவுக்கு மீண்டு, இரும்புச் சுவருடன் நெருங்கிப் பொருந்தும். வீதியை முழுநீளமும் தோண்டும் இடர் இதனால் நீங்கிற்று. கொல்லன் வளையத்தைச் சற்றே விரித்தான். இவர்கள் குழாயைச் சற்றே ஒடுக்கினர். இரண்டிலும் பொருளைப் பிணைப்பது அது தன் இயல்புக்கு மீள முயலும் முயற்சியே.

எறிக்சனின் ஒறிகன் பீரங்கி அன்னாபொலிசுக் கடற்படைக் கல்லூரியில் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. வளையத்தைப் புறவணியென விலக்கித் தடிப்பை நம்பிய பீரங்கியோ ஓராண்டும் நிலைக்கவில்லை. ஒன்றன் வடிவத்தைப் பின்பற்றுவோர், அவ்வடிவத்தின் காரணத்தையும் உணர்ந்து பின்பற்றுதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் பாடமாகும்.